வேட்டி மடிப்பில் வெல்லத்தின் முடி

கல்யாண ஜவுளி எடுக்க ஒரு கூட்டம் கடைக்கு வந்திருந்தது. அதில் ஒரு பெரியவர் பட்டுக்கரை வேட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னார். மேஜைமேல் விரித்தேன். கரையை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். இரண்டு இழைகளுக்கு நடுவே, பொன்னிறமாக, ஓர் அங்குல நீளத்தில் ஒரு முடி குத்தி நின்றது. நகத்தால் கிள்ளியெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுவும் ஜரிகைக் கணக்கில் சேருமா?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது.

நாயை நான் ஒருநாளும் கடைக்கு அழைத்து வந்ததில்லை. வெல்லம் எங்கள் வீட்டு லாப்ரடார். ஆறு வயது, 31 கிலோ, அச்சு வெல்ல நிறம். வீட்டிலிருந்து கடை நான்கு கிலோமீட்டர். அந்த முடி என் சட்டையில் ஏறி, ஸ்கூட்டரில் வந்து, மூட்டை பிரித்த என் கையிலிருந்து வேட்டி மடிப்புக்குள் போயிருக்கிறது. ஈரோட்டில் 28 வருடமாகத் துணி விற்கிறவனுக்கு இது மானப் பிரச்சினை. அன்று இரவே உட்கார்ந்து யோசித்தேன். நாய் முடியும் ஓர் இழைதானே! இழை எங்கே ஒட்டும், எதில் நழுவும், எப்படி உருளும் என்பது நமக்குத் தெரியாததா? அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தில் செய்து பார்த்து, தப்பு செய்து, மாற்றிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுங்கள்: முடி கொட்டுவது நிற்காது. எண்ணெய், மாத்திரை, பொடி என்று எதைச் சொல்லி விற்றாலும், ஆரோக்கியமான நாயின் முடி வளரும், ஓயும், உதிரும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், நம் ஊரில் பொமரேனியன் என்று பலரும் அழைக்கிற ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கெல்லாம் இரட்டைப் போர்வை. மேலே இருப்பது தடித்த, விறைப்பான முடி. மழையையும் முள்ளையும் தடுக்கும். அதற்கு அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய ரோமம். வீட்டில் இவை இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு. விறைப்பான முடி ஊசிபோலத் துணிக்குள் குத்தி நிற்கும். பஞ்சு ரோமம் மிதக்கும். மின்விசிறிக் காற்றில் அலைந்து, கட்டிலுக்கு அடியில் பந்தாகச் சேரும். இராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரியான நம் நாட்டு இனங்களுக்குக் குட்டை முடி, அடியில் பஞ்சும் இல்லை என்றே சொல்லலாம். உதிரும், ஆனால் இந்த அளவுக்கு வீட்டை ஆளாது.

குளிர் நாடுகளில் இந்த இனங்கள் வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும். பகல் நீள்வதும் குறைவதும்தான் அதற்கு முக்கியமான தூண்டுதல். ஈரோட்டில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். போதாக்குறைக்கு இரவு பத்து மணிவரை குழல் விளக்கு எரிகிற கூடத்தில் படுத்திருக்கிற நாய்க்கு எது கோடை, எது குளிர்காலம்? அதனால் இங்கே தவணை முறைதான்: வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் மாசி, பங்குனியிலும், ஐப்பசி மழை பிடித்த பிறகும் கொஞ்சம் கூடுதல். ஆகவே தீபாவளிக்கு வெள்ளையடிக்கிற மாதிரி வருடத்துக்கொரு பெரிய சுத்தம் இதற்கு உதவாது.

விழுந்த முடியைத் துரத்துகிறவனுக்குப் பொழுது போதாது. விழப்போகிற முடியை, நாயின் மேலேயே, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் விட்டது எதில் ஒட்டுகிறதோ அந்தத் துணியை மாற்ற வேண்டும். நான் கற்ற வித்தை இந்த இரண்டுதான்.

சீவுவது

காலை ஆறு மணி, கொல்லைப்புறச் சிமெண்டுத் தரை. சாக்கு, பாய், ஜமுக்காளம் எதுவும் விரிக்க வேண்டாம்; விரித்தால் அதைச் சுத்தம் செய்வது தனி வேலை. காற்று வருகிற பக்கம் நீங்கள் உட்காருங்கள், நாய் எதிர்ப்பக்கம் நிற்கட்டும். இதைச் சொல்லித்தர எனக்கு யாரும் இல்லை. முதல் வாரம் முழுக்கப் பஞ்சு ரோமத்தை மூக்கால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கருவிகள் போதும். ஒன்று, உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற ரப்பர் பிரஷ். மற்றொன்று, அடி ரோமத்தை வாருவதற்கென்றே விற்கிற, நீண்ட பற்கள் அகலமாக அமைந்த எஃகுச் சீப்பு. பல் நுனி உருண்டையாக இருக்கிறதா என்று கடையிலேயே உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அதற்கும் எரியும். கத்தி மாதிரிப் பட்டை வைத்த கருவி ஒன்றும் கிடைக்கிறது. கொத்துக்கொத்தாக முடி வரும், பார்க்கப் பரவசமாக இருக்கும். ஆனால் அழுத்தி இழுத்தால் உதிரப்போகாத மேல் முடியையும் அறுத்துவிடும். நான் அதை வாங்கி, நான்கு முறை பயன்படுத்தி, பரணில் போட்டுவிட்டேன்.

முதலில் ரப்பர் பிரஷ். கழுத்திலிருந்து பின்பக்கம்வரை, வட்டம் வட்டமாக, தலை தேய்த்துவிடுகிற அழுத்தத்தில். இது சீவுவதற்கு அல்ல, பிடி தளர்ந்த முடியை எழுப்பிவிடுவதற்கு. இரண்டு நிமிடம் போதும். வெல்லம் இதற்கே கண்ணைச் செருகிவிடும். பிறகு எஃகுச் சீப்பு. முடி படிந்திருக்கிற திசையிலேயே, சின்னச் சின்ன இழுப்பாக. முதுகில் நீங்கள் எவ்வளவு சீவினாலும் வருவது கொஞ்சம்தான். கொள்முதல் எல்லாம் மூன்று இடங்களில் இருக்கிறது: கழுத்தைச் சுற்றி, வால் தொடங்கும் இடம், பின்தொடைகளின் பின்புறம். அந்தத் தொடை முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சீவுங்கள். கொட்டை நீக்கிய பஞ்சு கையில் வருகிற மாதிரி வரும். வயிற்றிலும் அக்குளிலும் சீப்பு வேண்டாம். தோல் மெல்லியது, ரப்பர் போதும்.

எப்போது நிறுத்துவது? சீப்பில் வருவது குறைந்ததும் நிறுத்துங்கள். முழுவதும் தீரட்டும் என்று நினைத்தால் தோல் சிவக்கும்வரை சீவிக்கொண்டிருப்பீர்கள். கடைசியாக, நனைத்து இறுகப் பிழிந்த பாப்ளின் துண்டால் தலையிலிருந்து வால்வரை ஒரே துடைப்பு. சீப்பில் சிக்காமல் மேலே மிதக்கிற பஞ்சு அதில் வந்துவிடும். மொத்தம் பத்து நிமிடம். அதிகம் கொட்டுகிற வாரங்களில் தினமும், மற்ற நாட்களில் ஒன்றுவிட்டு ஒருநாள்.

சீவிய முடியை உடனே ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். "வேலி ஓரம் போடு, குருவி கூடு கட்டும்" என்பார் அம்மா. நானும் போட்டுக்கொண்டிருந்தேன். உண்ணிக்காக முதுகில் சொட்டு மருந்து விடத் தொடங்கிய பிறகு நிறுத்திவிட்டேன். அந்த மருந்து முடியிலும் இருக்கும். குஞ்சுகளுக்கு அதில் மெத்தை போடுவானேன்?

குளிப்பாட்டும் நாளில் ஒரு கணக்கு உண்டு. குளிப்பதற்கு முன்பு ஒரு முறை சீவ வேண்டும். நனைந்த பிறகு உதிர்ந்த பஞ்சு உள்ளேயே திரண்டு கட்டிவிடும். குளித்து முற்றிலும் காய்ந்த பிறகு இன்னொரு முறை. அன்றைக்கும் மறுநாளும் வழக்கத்தைவிட அதிகம் வரும், பயப்பட வேண்டாம், தளர்ந்தது எல்லாம் மொத்தமாக வெளியேறுகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டினால் போதும். நாய்க்கான ஷாம்புதான் வேண்டும். நம் தோலைவிட அதன் தோலில் அமிலத்தன்மை குறைவு, நம் சோப்பு அதற்குப் பொருந்தாது. ஒரு வருடம் முழுக்க நான் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். தோல் வறண்டு, பொடுகு கிளம்பி, முடி இன்னும் அதிகமாகக் கொட்டியதுதான் மிச்சம். கழிவுநீர்த் துளையின்மேல் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை நான்காக மடித்து வைத்துக் கல் ஏற்றிவிடுங்கள். குழாய் அடைத்து ஆளைக் கூப்பிட்டு 600 ரூபாய் கொடுத்த பிறகு வந்த ஞானம் அது.

மொட்டை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெல்லத்துக்கு இரண்டு வயதானபோது, சித்திரை வெயிலில், "மொட்டை அடித்துவிட்டால் முடிப் பிரச்சினையே இல்லை, உடம்பும் குளிரும்" என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். முக்கால் மணி நேரத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி ஒன்றை வெளியே அனுப்பினார்கள். அதுவே வெட்கப்பட்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இரட்டைப் போர்வை குளிருக்கு மட்டுமில்லை. வெயில் நேராகத் தோலில் இறங்காமல் தடுப்பதும் அதுதான். அதை வழித்துவிட்டால் தோல் வெயிலில் வேகும். நாய் நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதும் இல்லை. பாதங்களில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மொட்டையால் அதற்குக் குளிர்ச்சி பெரிதாகக் கிடைப்பதில்லை. வளர்ந்து வந்த முடியும் சீராக வரவில்லை. அடிப் பஞ்சு முந்திக்கொண்டு, மேல் முடி பின்தங்கி, ஒரு வருடம் திட்டுத் திட்டாக இருந்தது. கொட்டுவது குறைந்ததா? அதுவும் இல்லை. அதே எண்ணிக்கையில் கால் அங்குல முடி கொட்டியது. நீள இழையைத் துணியிலிருந்து உருவிவிடலாம். குட்டை இழை குத்தினால் உருவ நுனி கிடைக்காது. அந்த வருடம் என் பனியன்கள் எல்லாம் உடம்பைக் குத்தின.

துணியை மாற்றுவது

இனி வருவது என் தொழில். வீட்டில் எந்தத் துணி எவ்வளவு முடி பிடிக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயைப் படுக்கவைத்தே சோதித்தேன். தோற்றது தேங்காய்ப்பூத் துண்டு. அதன் ஒவ்வொரு சுருளும் ஒரு கொக்கி. அடுத்தது வெல்வெட், மகள் ஆசைப்பட்டு வாங்கிய சோபாவின் உறை அதுதான். பிறகு பவானி ஜமுக்காளம். தடித்த நூல், இடைவெளியில் முடி நுழைந்து உட்கார்ந்துவிடும். சென்னிமலைப் போர்வையில் முரட்டு நெசவு நன்றாகப் பிடிக்கிறது. பாலியஸ்டர் தனி ரகம்: நெசவு வழவழப்புதான், ஆனால் காற்று வறண்ட நாட்களில் உரசி உரசி மின்னேற்றம் கொண்டு, முடியைத் தானே கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். ஜெயித்தது நெருக்கமாக நெய்த பருத்தி பாப்ளின். உதறினால் போய்விடுகிறது.

ஆகவே, சோபாமேல் பாப்ளின் விரிப்பு, வாரம் இரண்டு முறை மாற்றுவது. நாய் படுக்கக் கோரைப்பாய். பஞ்சு மெத்தை, பழைய கம்பளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கோரையில் முடி நுழைய இடமில்லை. தூக்கிச் சுவரில் இரண்டு தட்டு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஓரத்தைக் கடிக்கிறது என்பது ஒன்றுதான் குறை, வருடத்துக்கு இரண்டு பாய் வாங்குகிறேன். வயதான நாய்க்கு, மூட்டு வலி உள்ள நாய்க்கு வெறும் பாய் ஆகாது. மெத்தையைப் பாப்ளின் உறைக்குள் போட்டு வையுங்கள்.

ஜமுக்காளத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதைக் கொடியில் தலைகீழாகப் போட்டு, பின்பக்கத்திலிருந்து தடியால் அடிக்க வேண்டும். முன்பக்கம் அடித்தால் முடி இன்னும் உள்ளே இறங்கும். மிச்சம் இருப்பதற்கு ரப்பர் செருப்பு. கழுவிக் காயவைத்த பழைய செருப்பின் அடிப்புறத்தை ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போங்கள். ரப்பர் உராய்வில் முடி எழுந்து, உருண்டு, திரியாகத் திரளும். அதைக் கையால் எடுத்துவிடலாம். சோபா மூலைகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை லேசாக ஈரப்படுத்தித் தடவினாலும் இதே கதைதான்.

துவைக்கும்போது பெரும்பாலோர் செய்கிற தவறு, முடியோடு அப்படியே இயந்திரத்தில் போடுவது. தண்ணீர் முடியை எடுத்துவிடும் என்று நினைக்கிறோம். நனைந்த முடி எல்லாத் துணிக்கும் சரிசமமாகப் பங்கு போகும், அவ்வளவுதான். காய்ந்திருக்கும்போதே வெளியே உதறி, கையுறையால் ஒரு தடவு தடவி, பிறகு போடுங்கள். நாயின் விரிப்புகள் எப்போதும் தனிச்சுமை. அதற்குப் பிறகு இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, ஒருமுறை வெறுமனே ஓடவிடுங்கள். கதவு முன்பக்கம் உள்ள இயந்திரமென்றால் கதவு ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஒரு குட்டி நாயே கிடைக்கும்.

தரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், முதல் வேலை அது. பூந்துடைப்பம் பஞ்சைப் பறக்கவிடும். நீர் தள்ளுகிற ரப்பர் வைப்பரைக் காய்ந்த தரையில் இழுத்துப் பாருங்கள்; முடி அதன் முன்னால் உருண்டு கயிறாகத் திரளும். அதை அள்ளிய பிறகுதான் ஈரத் துடைப்பு. முதலிலேயே தண்ணீர் பட்டால் ஒவ்வொரு முடியும் தரையில் பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். துடைக்கும் நீரில் ஃபினாயில் ஊற்றுகிறவர்கள் தரை காயும்வரை நாயை உள்ளே விடாதீர்கள். அது பாதத்தை நக்குகிற பிராணி.

மின்விசிறி இறக்கைக்கு மாதம் ஒருமுறை பழைய தலையணை உறையை மாட்டி உருவினால், தூசியும் முடியும் உறைக்குள்ளேயே விழுந்துவிடும். ஏசி வடிகட்டி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கத்தை யாரும் நினைப்பதில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிரஷால் தட்டுங்கள். சமையலறைக்குள் வெல்லம் வருவதில்லை, ஆனால் அதன் முடி வரும். இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் அம்மாவின் திருநீற்றுத் தட்டுக்கும் மூடி போட்ட பிறகுதான் வீட்டில் சண்டை ஓய்ந்தது.

உள்ளே போவது

முடி ஏறக்குறைய முழுக்க முழுக்கப் புரதம். வெறும் தயிர்சோறும் பால்சோறும் தின்கிற நாய்க்குப் பளபளப்பு எங்கிருந்து வரும்? வெல்லம் மூன்று வயதுவரை அப்படித்தான் வளர்ந்தது. இப்போது தினமும் வேகவைத்த முட்டை ஒன்று, கோழி, வாரம் இரண்டு நாள் உப்பும் மிளகாயும் இல்லாமல் அவித்து முள் நீக்கிய மத்தி மீன். மீன் கொழுப்பு தோலுக்கு நல்லது. பலன் ஒரே வாரத்தில் தெரியாது, எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. முட்டையைப் பச்சையாகக் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டாம். பச்சை வெள்ளைக்கரு, முடிக்கு வேண்டிய பயோட்டினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய சாம்பார் சோறு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைப்பவை; எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடாத சாம்பார் உண்டா? மேலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது கொட்டுவதைக் குறைக்காது, தூசியை ஒட்டவைக்கும், அவ்வளவுதான்.

பூச்சி வராமல் இருக்கட்டும் என்று படுக்கையில் கற்பூரமோ அந்துருண்டையோ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பீரோவுக்கும் கடைச் சரக்குக்கும் அது சரி. நாய் விழுங்கினால் விஷம்.

உடம்பு முழுக்கப் பரவலாகக் கொட்டுவது இயல்பு. ஓர் இடத்தில் தோல் தெரிகிற அளவுக்குக் கொட்டினால் அது நோய். ஓயாத சொறிதல், சிவப்பு, நாற்றம், செதில், இவற்றில் எது வந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி குறைந்து, வால் எலிவாலாகி, நாய் சோம்பிப் பருத்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும். மூன்று வயதில் வெல்லத்தின் காதோரம் காசு அளவுக்கு ஒரு வழுக்கை விழுந்தது. எங்கேயோ உரசிக்கொண்டது என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் மகளின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வட்டம். படர்தாமரை, நாயிலிருந்து மனிதருக்கு ஒட்டும். இருவருக்கும் சேர்த்து மருந்து போட்டோம். மகள் ஒரு மாதத்துக்கு முழுக்கைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். அதற்கு என்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைச் சட்டை இப்போது வீட்டுக்கே வருவதில்லை. கடையின் பின்னறையில் பூட்டிய பீரோவில் ஐந்து சட்டைகள் இருக்கின்றன, போனதும் மாற்றிக்கொள்கிறேன். கல்லாப் பெட்டியில் பொட்டலம் கட்டும் ஒட்டுநாடா ஒன்று எப்போதும் உண்டு. பசைப்பக்கம் வெளியே வரும்படி நான்கு விரல்களிலும் சுற்றி, கால்சட்டையில் ஒற்றியெடுத்துவிட்டுத்தான் மூட்டையைத் தொடுகிறேன். ஆடித் தள்ளுபடிக்கு அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். ஆறு துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பணம் கொடுக்கும்போது என் மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பியிலிருந்து ஒன்றை எடுத்து, ரூபாய் நோட்டின்மேல் வைத்துக் கொடுத்தார்.